குறுந்தொகை 25: அந்தக் குருகு வெறும் சாட்சிதானா?

வணக்கம். கபிலரின் ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ பாட்டில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தலைவன் தன்னோடு கூடிய அன்று ஒரு குருகு (கொக்கு போன்ற நீர்ப்பறவை) மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால். ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சரி, வாய் பேசாத சாட்சி, அதுவும் மீன்மேலேயே கண்ணாக இருந்த சாட்சி. அதுவரை புரிகிறது. ஆனால் இரைக்காகக் காத்து நின்ற அந்தக் குருகையே தலைவனாகவும் படிக்கலாமா? தலைவனை அவள் ‘கள்வன்’ என்று சொல்வதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. வீட்டில் சொன்னால் “கொக்கைக் கொக்காக விடு” என்கிறார்கள்.

அப்புறம், இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை மறைத்துச் சொல்லும் உத்திகளில் இது உள்ளுறையா, இறைச்சியா? தொல்காப்பியம் இரண்டையும் சொல்கிறது, வேறுபாடுதான் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் இந்தப் பாட்டை வைத்தே விளக்குங்களேன்.