கைவிளக்குக் கையேட்டுக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

தாண்டிக்குடி, செவ்வாய் இரவு

அன்புள்ள நண்பர்களே,

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவிளக்கு செய்யக் கற்றுத்தருகிறோம். காப்பித் தோட்டத்தில் காட்டெருமை இருபதடிக்குள் வந்தபிறகு கண்ணில் பட்டு என்ன பயன்? அதனால் 18650 மின்கலம், அலுமினியக் குழாய், எல்.ஈ.டி, டூம் (ஒளியைத் திருப்பி முன்னே அனுப்பும் பளபளப்பான குழிக்கிண்ணம்) எல்லாம் வாங்கி நாங்களே கோக்கிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நான் தடுமாறும் இடம் இது. ஓஸ்ராம் டபிள்யூ1 என்னும் எல்.ஈ.டி-யின் ஒளிரும் பரப்பு 1 சதுர மி.மீ. தான். கிரீ எக்ஸ்எச்பி70 என்னும் எல்.ஈ.டி அதைவிடப் பல மடங்கு பெரியது, மொத்த வெளிச்சமும் அதிகம். ஆனால் ஒரே டூமில் வைத்தால் சிறியதன் கற்றைதான் இறுகும், பரவளையத்தின் குவியத்தில் புள்ளிபோல உட்காருவதால். இதை எழுத எமிட்டர் (ஒளிவிடும் பகுதி), ரிஃப்ளெக்டர் (டூம்), த்ரோ (கற்றை எட்டும் தூரம்) மூன்றுக்கும் தமிழ் வேண்டும்.

மதுரை, புதன் காலை

பாடநூலில் உமிழ்ப்பான் உண்டு, ஆனால் அது டிரான்சிஸ்டரின் ஒரு முனை. ‘ஆன்’ ஆண்பால் விகுதி. கருவிக்கு இகரமே பொருத்தம்: மண்வெட்டி, பாக்குவெட்டி. ஆகவே உமிழி, எதிரொளிப்பி. த்ரோவுக்குச் சேணொளி, சேண் என்றால் தொலைவு. ‘சேண்விளங்கு அவிரொளி’ என்று திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்திலேயே நக்கீரர் தந்திருக்கிறார்.

யாழ்ப்பாணம், புதன் மதியம்

உமிழ் என்றவுடன் எச்சில்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே எங்கள் பாடநூல்களில் எமிட்டர் ‘காலி’. கால் என்றால் வெளிவிடு. செல் சென்ற, கொல் கொன்ற, கால் கான்ற. பழைய, நல்ல வினை. நான்கெழுத்தில் தெறிப்பி இருக்க, ஆறெழுத்தில் எதிரொளிப்பி எதற்கு?

கொடைக்கானல், புதன் இரவு

அண்ணா, வினையாகக் கால் அழகுதான். ஆனால் ‘டூமுக்குள் காலியைப் பொருத்து’ என்று படிக்கும் இங்குள்ள பிள்ளை டூமை வெறுமையாக விட்டுவிடும். வெறுமை என்னும் காலி அரபிச் சொல், உங்கள் காலிக்கு உறவில்லை. நாற்காலியில் இருப்பது மூன்றாவது காலி, கால் உடையது. தென்னிலங்கை ஊரோடு நான்கு.

உமிழ் எச்சிலோடு நிற்பதல்ல. நாகம் தான் உமிழ்ந்த மணியின் வெளிச்சத்தில் மலையிருட்டில் இரை தேடுவதைச் சங்கப் பாடல்களில் பார்க்கிறோமே! குறிஞ்சி நிலத்துக் கைவிளக்கு அதுதான். உமிழிக்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

பண்ணைக்காடு, வியாழன் காலை

நான் வண்டி மெக்கானிக். ஹெட்லைட்டுக்கு டூம் கேட்டுத்தான் வருகிறார்கள், எதிரொளிப்பி யாரும் கேட்டதில்லை. அதில் வழவழப்பு, சொரசொரப்பு என இரண்டு வகை. வழவழப்பானது நடுப்பொட்டை, அதாவது கற்றையின் நடுவில் விழும் பிரகாசமான பொட்டை, கூர்மையாக்கும், வளையங்களையும் காட்டிக்கொடுக்கும். சொரசொரப்பு வளையத்தை அழித்து ஒளியைச் சீராக்கும், தூரம் கொஞ்சம் குறையும். அதை ஆரஞ்சுத்தோல் என்கிறார்கள். கமலா ஆரஞ்சு விளையும் மலையில் நமக்குக் கமலாத்தோல் என்றால் போதாதா?

த்ரோவுக்கு எட்டம். ‘எட்டத்துல நில்லு’ என்கிறோமே, அதே சொல்.

அப்புறம், மூட்டம் இறங்கும்போது விளக்கைக் கண்ணருகே பிடிக்க வேண்டாம், இடுப்பளவில் பிடிக்கட்டும் என்று எழுதுங்கள். மூட்டத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணில் அடிப்பது குறையும். சொல்லைவிட இது முக்கியம்.

தாண்டிக்குடி, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. ‘10,000 கேண்டெலா விளக்கின் எட்டம் 200 மீட்டர். அங்கே விழுவது 0.25 லக்ஸ், ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம்.’ இந்த வரியில் எட்டத்துக்குப் பதில் முதலில் ‘வீச்சு’ என்று வைத்துப் பார்த்தேன், இயற்பியலில் அந்தச் சொல் அலைக்குப் போய்விட்டது. சேணொளி ஒளிக்குப் பெயராகிறது, தூரத்துக்கு ஆகவில்லை. எட்டம் தடங்கலில்லாமல் உட்கார்ந்தது. ஆக உமிழி, டூம், கமலாத்தோல், நடுப்பொட்டு, எட்டம். டூம் முதலில் வரும் இடத்தில் மட்டும் எதிரொளிப்பி என்று சேர்க்கிறேன். மூட்டம் பற்றிய குறிப்பு முதல் பக்கத்திலேயே வரும்.

மதுரை, வெள்ளி காலை

டூம் அச்சேறுவதற்கு நான் உடன்படவில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம், வெள்ளி காலை

எட்டம் எங்கள் வீட்டிலும் புழங்கும் சொல், மகிழ்ச்சி. காலியை விடமாட்டேன். நாகம் மணியைக் கான்றது என்றாலும் பொருந்துமே. விரிவாக நாளை எழுதுகிறேன்.