திறந்த அணுக்கக் கொள்கை: களஞ்சியத்தில் எந்தப் பிரதியை ஏற்றுவது, கட்டணம் கட்ட வேண்டுமா?

சிப்புட் டீச்சர்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகுதி நேரமாக முதுகலை ஆய்வு செய்கிறேன். எங்கள் வட்டாரத்தில் நடந்த தோட்டத் துண்டாடலும் (பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றது), மஇகா தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும்தான் தலைப்பு. ஆய்வேடு தமிழில். அதிலிருந்து ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டுச் சந்தா இதழுக்கு அனுப்பினோம். மேற்பார்வையாளர் இரண்டாம் ஆசிரியர். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது.

பதிப்புரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறது இதழ். எல்லாரும் இலவசமாகப் படிக்க வேண்டுமானால் கட்டணம் என்று இன்னொரு பெட்டியும் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகமோ, திறந்த அணுக்கக் கொள்கைப்படி (ஆய்வுகளை எல்லாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்க விடுவது) கட்டுரையையும் ஆய்வேட்டையும் மின்களஞ்சியத்தில் ஏற்றச் சொல்கிறது. கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? எந்தப் பிரதியை ஏற்றுவது? கட்டுரையைப் பிறகு தமிழில் மொழிபெயர்த்துத் தோட்ட மக்களுக்குக் கொடுக்கவும் எண்ணம். அதற்குத் தடை வருமா?

நூலக மேசை

டீச்சர், கட்டணம் தேவையில்லை. பல்கலைக்கழகக் கொள்கை கேட்பது பச்சை வழி: நீங்களே ஒரு பிரதியைக் களஞ்சியத்தில் வைப்பது. இதழ் காட்டும் கட்டணம் தங்க வழிக்கானது, அதாவது இதழே தன் தளத்தில் கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவைப்பது. இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் கட்டணப் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பில் வந்த பிறகு ரத்துச் செய்ய அலைபவர்கள் உண்டு. படிவத்தில் ‘சந்தா வழி’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு மூன்று பிரதிகள் இருக்கும். முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பாய்வாளர்கள் சொன்ன திருத்தமெல்லாம் முடிந்து, ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட கைப்பிரதி இரண்டாவது. இதழின் சின்னம், பக்க எண், அச்சமைப்போடு வருவது மூன்றாவது. சந்தா இதழ் என்றால் ஏற்ற வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான், அதாவது உங்கள் வேர்டு கோப்பில் இருக்கும் கடைசி வடிவம். அச்சமைப்புப் பதிப்பாளருடைய வேலை என்பதால் மூன்றாவதை ஏற்றினால் அகற்றச் சொல்லிக் கடிதம் வரும். அச்சுப்படி வந்ததும் கைப்பிரதியைத் தொலைத்துவிடுவார்கள், இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்புக் கடிதம் வந்த அன்றே, அந்தத் தேதியைக் கோப்பின் பெயரில் சேர்த்துத் தனியாக எடுத்து வையுங்கள். திருத்தக் குறிகள், ஓரக் குறிப்புகளை நீக்கிவிட்டுப் பிடிஎஃப் ஆக்குங்கள்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது கைப்பிரதியைத் திறக்கும் முன் பதிப்பாளர் காத்திருக்கச் சொல்லும் காலம். ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வோர் இதழுக்கும் உள்ள அடையாள எண்) போட்டால் எந்தப் பிரதியை, எங்கே, எத்தனை மாதம் கழித்துத் திறக்கலாம் என்று காட்டும். ஸ்பிரிங்கரின் சந்தா இதழ்களில் ஏற்கப்பட்ட கைப்பிரதிக்கு வழக்கமாக 12 மாதம். மற்ற பதிப்பாளர்களிடம் இது மாறும்.

காத்திருப்பு இருக்கிறதே என்று ஏற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போதே ஏற்றிக் கோப்பைப் பூட்டி, திறக்கும் தேதியை மட்டும் குறித்துவிட்டால் அந்த நாளில் அதுவே திறந்துகொள்ளும். அதுவரை தலைப்பும் சுருக்கமும் எல்லாருக்கும் தெரியும். களஞ்சிய மென்பொருள்களான இபிரின்ட்ஸ், டிஸ்பேஸ் இரண்டிலும் ‘பிரதி கேட்க’ ஒரு பொத்தான் உண்டு. யாராவது அழுத்தினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும், தனிப்பட்ட முறையில் அனுப்பலாம். அது பள்ளி மின்னஞ்சலாக இருந்து, நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டால் அந்த வேண்டுகோள்கள் யாருக்கும் போய்ச் சேராது. சொந்த முகவரியைக் கொடுங்கள்.

ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் போட்டாலே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொள்கை கேட்கும் களஞ்சியம் அதுவல்ல. பதிப்பாளர்கள் பலர் பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்குத் தரும் அனுமதியை அங்கே தருவதில்லை.

உரிமைப் பக்கம்

மொழிபெயர்ப்புக் கேள்வியை மேலே நூலக மேசை தொடவில்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பதிப்புரிமையை முழுதாக மாற்றிக் கொடுத்துவிட்டால், மொழிபெயர்க்கும் உரிமையும் அதோடு போய்விடும். எழுதியவர் நீங்களே ஆனாலும் தமிழில் வெளியிடப் பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஆகவே கையெழுத்துப் போடும் வரை உரிமை உங்கள் இருவரிடம்தான். அவசரப்பட வேண்டாம்.

இதழ் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: வெளியிடும் உரிமத்தை இதழுக்குத் தருகிறோம், பதிப்புரிமை எங்களிடமே இருக்கட்டும். முடியாது என்றால், ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமையையும் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும் உரிமையையும் உங்களுக்கு விட்டுவைத்து ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். திறந்த அணுக்கத்துக்காக இயங்கும் ஸ்பார்க் அமைப்பின் ஆசிரியர் பின்னிணைப்புப் படிவம் (பதிப்பாளர் பத்திரத்தோடு இணைப்பது) இதற்கென்றே உள்ளது, ஆனால் அதில் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெயர் சொல்லி நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மேற்பார்வையாளரும் கையெழுத்திடட்டும்.

உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையின் வாசகத்தையும் எடுத்துப் படியுங்கள். ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் 2008 பிப்ரவரியில் ஏற்ற கொள்கையில், கட்டுரையைப் பகிரும் ஒருவருக்கு மட்டும் என்றில்லாத உரிமம் பதிப்பாளர் பத்திரத்துக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்துவிடும். வேண்டாம் என்றால் ஆசிரியர் விலக்குக் கேட்கலாம். அதைப் பார்த்து எழுதிய கொள்கை என்றால் உங்கள் கை பலமாக இருக்கும். ‘பதிப்பாளர் அனுமதித்தால் ஏற்றலாம்’ என்று மட்டும் இருந்தால் பத்திரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். விரிவுரையாளர்களை மட்டும் சொல்கிறதா, மாணவர்களையும் சேர்க்கிறதா என்பதும் அதில் இருக்கும்.

களஞ்சியம் எந்த உரிமம் என்று கேட்கும்போது, பலரும் பாதுகாப்பு என்று நினைத்து ‘சிசி பிஒய்-என்சி-என்டி’யை (பெயர் சொல்லிப் பகிரலாம், வணிகமும் மாற்றமும் கூடாது என்னும் உரிமம்) தட்டிவிடுகிறார்கள். கடைசியில் உள்ள ‘என்டி’ மொழிபெயர்ப்பை வெளியிடுவதையும் தடுக்கும். வேறொரு ஆசிரியர் ஒரு பகுதியைத் தமிழில் எழுதிப் பள்ளியில் கொடுக்க நினைத்தாலும் உங்களிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். சில பதிப்பாளர்கள் கைப்பிரதிக்கு அந்த உரிமத்தையே கட்டாயமாக்குகிறார்கள், அங்கே வேறு வழியில்லை. ஆய்வேட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பல்கலைக்கழகம் அனுமதித்தால், பெயரைச் சொன்னால் போதும் என்னும் ‘சிசி பிஒய்’ போடுங்கள்.

எழுத்துரு வேலை

தமிழ் ஆய்வேடு என்பதால் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். களஞ்சியத்தில் இருந்தும் தேடினால் கிடைக்காத தமிழ் ஆய்வேடுகள் நிறைய. ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தது இப்படிக் கிடப்பது மனத்தை உறுத்துகிறது.

பிடிஎஃப் ஆக்கியதும் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘தோட்டம்’ என்பது ‘ேதாட்டம்’ என்று வந்தால் கோப்பு பழுது. திரையில் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில் வரும்படி பதிவாகியிருக்கும். தேடுபொறி படிப்பது அதைத்தான். வேர்டிலிருந்து ஆக்கியது இப்படி இருந்தால் லிப்ரெஆபிஸில் திறந்து பிடிஎஃப்/ஏ (நீண்ட காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்) வகையில் ஏற்றுமதி செய்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் மூல வேர்டு கோப்பையும் இரண்டாவது கோப்பாகச் சேர்க்க முடியுமா என்று நூலகத்தைக் கேளுங்கள்.

பழைய எழுத்துருவில் அடித்த அத்தியாயங்கள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். திஸ்கி என்ற பழைய குறியாக்கம் என்றால் ஆங்கிலச் சொற்கள் தப்பிக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், மொத்தமாக மாற்றினால் மேற்கோள் பட்டியலில் உள்ள ஆங்கில நூல் பெயர்களெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும்.

தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்களைக் களஞ்சியப் படிவத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கொடுங்கள். தமிழ்ச் சுருக்கத்தைப் பிடிஎஃபிலிருந்து எடுக்காமல் யூனிகோடு மூலத்திலிருந்து ஒட்டுங்கள். ஊர்ப்பெயரைச் ‘சிப்புட்’, ‘சிபுட்’ என இரு விதமாகவும் திறவுச்சொல்லில் போட்டால் தேடுகிறவர்களுக்கு உதவும்.

சிப்புட் டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. கையெழுத்தை நிறுத்திவிட்டேன், மேற்பார்வையாளரிடம் பேசுகிறேன். இன்னும் இரண்டு: ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பழைய தொழிலாளர்களின் நேர்காணல்கள் முழுதாக உள்ளன, பெயரை எடுத்துவிட்டால் போதுமா? இதழ்ப் படிவத்தில் என் பெயர் ஏ/பி-யோடு (இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) பதிவாகியிருக்கிறது, அது பிரச்சினையா?

நூலக மேசை

பெயரை எடுத்தால் போதாது. தோட்டத்தின் பெயர், இத்தனையாம் ஆண்டில் கங்காணி, மகன் இன்ன வேலை என்று மூன்று விவரம் இருந்தாலே ஊரில் உள்ளவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். முதலில் ஒப்புதல் படிவத்தைப் பாருங்கள். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அது இணையத்தில் போடுவதற்கான சம்மதம் ஆகாது. மறுபடி போய் விளக்கிக் கேளுங்கள். சம்மதம் கிடைக்காத பின்னிணைப்பைத் தனிக் கோப்பாக்கி மூடிய நிலையில் வைக்கச் சொல்லலாம், ஆய்வேடு மட்டும் திறந்திருக்கும். பிறரிடம் பெற்ற பழைய படங்கள், நாளிதழ்ப் பக்கங்களுக்கும் தனி அனுமதி வேண்டும்.

இன்னொன்று, உறுதிமொழிப் பக்கத்தில் உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் கையெழுத்தும் இருக்கும். வேர்டில் கறுப்புக் கட்டம் வரைந்து மறைத்தால் அடியில் எண் அப்படியே இருக்கும், நகலெடுத்தால் வந்துவிடும். எண்ணை அழித்துவிட்டுப் பிடிஎஃப் ஆக்குங்கள்.

ஏ/பி கட்டாயம் பிரச்சினை. சில தரவுத்தளங்கள் அதைக் குடும்பப் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், சில சாய்கோட்டை விழுங்கிவிடும். ஒரே ஆள் இரண்டு மூன்று ஆசிரியராகப் பிரிந்துபோவார். அச்சுப்படி வருவதற்குள் ஏ/பி இல்லாமல் சொந்தப் பெயரும் தந்தை பெயரும் மட்டும் வரும்படி திருத்தச் சொல்லுங்கள். இனி எல்லாக் கட்டுரையிலும் அதே வடிவம்தான். இலவசமாக ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்து, ‘வேறு பெயர்கள்’ பகுதியில் ஏ/பி வடிவத்தையும் தமிழ் எழுத்து வடிவத்தையும் சேர்த்து, அந்த 16 இலக்க எண்ணை இதழிலும் களஞ்சியத்திலும் கொடுத்துவிடுங்கள்.