கொல்லிமலையில் தாய்வீடு, இரண்டாவது பிரசவம்: அவசரம் என்றால் எங்கே ஓடுவது?

கேட்டவர்: பனியன் ஊர்க்காரன்

வணக்கம். மனைவிக்கு இப்போது எட்டாம் மாதம், இரண்டாவது குழந்தை. திருப்பூரில் வாடகை வீடு, எனக்கு நைட் ஷிப்டும் உண்டு, மூத்தவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் கொல்லிமலைக்கு அனுப்பிவிடுங்கள் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்குப் பயம் என்னவென்றால், முதல் பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இவள் ஓ நெகட்டிவ் வேறு, போன வாரம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2 தான். மேலே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 108 வரும் என்கிறார்கள். காரவள்ளியிலிருந்து ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி ஏதாவது ஆனால் அங்கேயே காட்டுவதா, நேராக நாமக்கல் இறக்குவதா? மாமியார் இவளையே வீட்டில்தான் பெற்றாராம், அதனால் நான் சொல்வது எதுவும் அங்கே எடுபடவில்லை.

பதில்: லேபர் வார்டு அக்கா

தம்பி, நான் ஸ்டாஃப் நர்ஸ், வேறு மாவட்டம். உங்கள் கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும். போன முறை ரத்தப்போக்கு, நெகட்டிவ் குரூப், 9.2, இந்த மூன்றும் சேர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க வேண்டிய பிரசவமே இல்லை, அவர்களே ஹை ரிஸ்க் என்று எழுதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒருமுறை அப்படி ரத்தம் போனவர்களுக்கு மறுமுறையும் போக வாய்ப்பு அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் பார்ப்போம், கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்க ஆக்ஸிடோசின் போடுவோம், வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு அனுப்புவோம், ஆனால் நடுராத்திரியில் சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் அங்கே நடக்காது. அதற்குத்தான் சீமாங் சென்டர் என்கிற அவசரப் பிரசவ சிகிச்சை மையம், மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், ரத்த வங்கி எல்லாம் 24 மணி நேரமும் ஒரே இடத்தில். நாமக்கல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அப்படிப்பட்டது, உங்கள் திருப்பூரிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. என்னைக் கேட்டால் மாமியாரைக் கீழே கூட்டி வாருங்கள், அவள் மேலே போக வேண்டாம். ஓ நெகட்டிவுக்கு ஓ நெகட்டிவ்தான் ஏற்ற வேண்டும், அது கேட்டவுடன் கிடைக்கும் குரூப் இல்லை, இப்போதே ரத்த வங்கியில் சொல்லி வையுங்கள், அதே குரூப்பில் சொந்தக்காரர் இரண்டு பேர் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். 9.2-க்கு மாத்திரை மட்டும் போதுமா, அயர்ன் சுக்ரோஸ் என்கிற இரும்புச்சத்து டிரிப் போடலாமா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள், இன்னும் நாள் இருக்கிறது.

பதில்: மலைச்சாலை பைலட்

108-ல் வண்டி ஓட்டுகிறேன், மலை ரூட். அக்கா சொன்னதுதான் சரி. வண்டி வராது என்பதல்ல பிரச்சினை, இறங்குகிற நேரம்தான். மழையும் பனிமூட்டமும் இருந்தால் முதல் கியரில்தான் இறங்க முடியும், ரத்தம் போகிற அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குவது எங்களுக்கே வயிற்றைக் கலக்கும். எங்கள் வண்டியில் ஆன்டி ஷாக் கார்மெண்ட் என்று ஒன்று இருக்கும், கணுக்காலில் ஆரம்பித்து தொடை, இடுப்பு, வயிறு வரை இறுக்கி ஒட்டுகிற கவசம் மாதிரி, காலில் இருக்கிற ரத்தத்தை மேலே தள்ளிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும். கூட வருகிற பெரியம்மாக்கள் பாவம் புள்ளைக்கு மூச்சு முட்டுது, கழட்டுங்க என்று சண்டைக்கு வருவார்கள். வழியில் கழட்டினால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும், ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துதான் கழட்டுவார். இன்னொன்று, போன் செய்யும்போதே எத்தனையாவது மாதம், போன பிரசவத்தில் என்ன ஆனது, ரத்தமா வலிப்பா, எல்லாம் சொல்லுங்கள். பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த நம்பர்) எழுதிய தாய் சேய் அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே கட்டைப் பையில் வாசல் பக்கம் மாட்டி வையுங்கள், பீரோவில் பூட்டி வைத்து சாவி தேடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மலையில் இருந்தே தீர வேண்டும் என்றால் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே நாமக்கல் பக்கம் இறங்கிவிடுங்கள்.

பதில்: ஈரோடு மஞ்சள்

ஏன் அரசு ஆஸ்பத்திரி மட்டும்? நல்ல நர்சிங் ஹோம் எத்தனையோ இருக்கிறதே.

பதில்: லேபர் வார்டு அக்கா

இருக்கிறது, யார் வேண்டாம் என்றது. ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் அங்கேயே இருப்பாரா, போன் போட்டு வரவேண்டுமா, ரத்தம் எங்கிருந்து வரும், இரண்டையும் பணம் கட்டும் முன் கேளுங்கள். ரத்தம் போக ஆரம்பித்த பிறகு இங்கே வசதி இல்லை என்று கைவிரித்து அனுப்பி, பாதி மயக்கத்தில் எங்களிடம் வந்தவர்கள் உண்டு.

பதில்: சுபாவின் அம்மா

தேதி வரைக்கும் காத்திருக்காமல் ஓட வேண்டிய அறிகுறிகளையும் சொல்லுங்கள் அக்கா. என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் தலைவலி, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது. பித்தம் என்று சுக்குக் காபி கொடுத்தோம், கடைசியில் பிரஷர் 170/110.

பதில்: லேபர் வார்டு அக்கா

அதேதான். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்தால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90-க்கு மேல் போனாலே டாக்டர் பார்க்கணும், 160/110 என்றால் அந்த நிமிஷமே அட்மிஷன். வலிப்பு வந்துவிட்டால் இடதுபக்கமாகப் படுக்க வையுங்கள், கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. வலியே இல்லாமல் ரத்தம் பட்டால் அது இன்னும் மோசம், நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கலாம், ஸ்கேனில் நஞ்சு எங்கே என்று பார்க்காமல் யாரையும் உள்பரிசோதனை செய்ய விடாதீர்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள், நீர் பச்சையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். குழந்தை அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று உட்கார வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும், ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் கசிவு இருந்தாலோ, பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விடக்கூடாது.

பதில்: பனியன் ஊர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களை மாமியாருக்கு மச்சான் வாசித்துக் காட்டினார். வருகிறேன், ஆனால் என் ஆடு மாடு யார் பார்ப்பது என்கிறார், அதை மச்சான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம் அக்கா, நெகட்டிவ் என்பதற்கு ஏதோ ஊசி உண்டாமே?

பதில்: லேபர் வார்டு அக்கா

ஆன்டி டி, குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக அம்மா உடம்பு எதிர்ப்பு உண்டாக்காமல் தடுக்கிற ஊசி. ஏழாம் மாத வாக்கில், 28 வாரத்தில் ஒன்று போடுவார்கள், போட்டார்களா என்று அட்டையில் பாருங்கள். போடவில்லையென்றால் நாளைக்கே கேளுங்கள். பிறந்ததும் குழந்தைக்கு குரூப் பார்க்கச் சொல்லுங்கள், பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அம்மாவுக்கு மறுபடி போட வேண்டும். நடுவில் ரத்தம் பட்டாலும் அதைச் சொல்லி ஊசி கேட்க வேண்டும். முதல் பிரசவத்தின்போது போட்டதற்குச் சீட்டு இருந்தால் அதையும் அந்தக் கட்டைப் பையில் போடுங்கள்.