‘ரா’ பெரிய இதழ்கள்: தேடி வாங்கலாமா?

காகிதப்பூச்சி:
‘ரா’ என்ற அமெரிக்கக் காமிக்ஸ் இதழில், பெங்குவின் பதிப்பகம் போட்ட சின்ன அளவு இதழ்கள் மூன்றும் (1989–91) கைவசம் உள்ளன. அதற்கு முன் 1980 முதல் 1986 வரை ஆர்ட் ஸ்பீகல்மனும் பிரான்சுவாஸ் மூலியும் நியூயார்க்கில் தாங்களே கொண்டுவந்த பெரிய அளவு இதழ்கள் எட்டையும் தேடலாமா? படிக்கத்தான், அலமாரிக்கு அல்ல. ஒருவர் இரண்டாம் இதழை ‘நல்ல நிலை’ என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.

மைக்கறை:
‘நல்ல நிலை’ என்பது அட்டையைப் பற்றிய பேச்சு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாம் இதழில்தான் ஸ்பீகல்மனின் தொடர் காமிக்ஸ் ‘மவுஸ்’ தொடங்கியது. அது தனிக் குட்டிப் புத்தகமாக உள்ளே வைக்கப்பட்டது. கூடவே மார்க் பேயர் வரைந்த சூயிங்கம் அட்டைகளும் வந்தன. முதல் கைக்காரர் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஓடுதான். நான்காம் இதழ் என்றால் அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனின் பேச்சை வெட்டி ஒட்டிய ப்ளெக்ஸி (வளையக்கூடிய மெல்லிய) இசைத்தட்டு இருக்க வேண்டும். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

படிக்க மட்டும் என்றால் எட்டும் தேவையே இல்லை என்பேன். முதல் மூன்று இதழ்களின் சரக்கு 1987-இல் ‘ரீட் யுவர்செல்ஃப் ரா’ என்று ஒரே தொகுப்பாக வந்தது. ‘மவுஸ்’ முழுக்கப் புத்தகமாகவே இருக்கிறது. அதன் கடைசி அத்தியாயம் ‘ரா’வில் வரவும் இல்லை. ஆனால் ‘ரா’வில் வரைந்த ஓவியர் கேரி பேன்டரின் கோடுகளை அந்தப் பெரிய பக்கத்தில் பார்ப்பது வேறு விஷயம். அதற்காக ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஏழாவதாக இருந்தால் நல்லது: ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர் யோஷிஹாரு ட்சுகேயின் ‘சிவப்புப் பூக்கள்’ ஆங்கிலத்தில் அதில் இருக்கிறது.

பழையபேப்பர்:
எல்லாரும் ‘ரா’ பின்னாடியே ஓடுகிறீர்கள். அதே காலத்தில் காமிக்ஸ் ஓவியர் ராபர்ட் கிரம்ப் தொடங்கிய ‘வியர்டோ’ காமிக்ஸ் இதழ் (1981–93) 28 இதழ் வந்ததே, அதைப் பாருங்கள். கிரம்ப், பிறகு பீட்டர் பேக், பிறகு அலீன் கொமின்ஸ்கி என்று ஆசிரியர் மாற மாற இதழின் குணமே மாறும். அலீன் காலம்தான் எனக்குப் பிடித்தது.

மைக்கறை:
சரிதான். அதில் பாதி குப்பை, மீதிப் பாதிக்காக நானும் வைத்திருக்கிறேன். ‘ரா’வில் குப்பை குறைவு, சிரிப்பும் குறைவு.

காகிதப்பூச்சி:
ஏழாவது ஒன்று கிடைக்கிறது. ஆனால் அட்டையின் மூலை கிழிந்திருக்கிறது, ‘சேதம்’ என்று விலை குறைத்திருக்கிறார்.

மைக்கறை:
உடனே வாங்குங்கள்! அந்த இதழின் எல்லாப் பிரதியிலும் மூலையைக் கையால் கிழித்துத்தான் விற்றார்கள். வேறொரு பிரதியின் துண்டை உள்ளே டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வந்த பிறகு டேப்பை இழுத்துப் பார்க்க வேண்டாம், 1985-ஆம் வருடத்துப் பசை.