பாவித்த மடிக்கணினிக்கும் தீர்வையா?

வெள்ளவத்தைவாசி:
அடுத்த மாதம் அண்ணன் டொராண்டோவிலிருந்து குடும்பத்துடன் கொழும்புக்கு வருகிறார். அவருடைய அலுவலகம் கழித்துவிட்ட மூன்று மடிக்கணினிகளையும் ஒரு பாவித்த கைத்தொலைபேசியையும் எங்கள் பிள்ளைகளுக்காகக் கொண்டுவருகிறார். கட்டுநாயக்க விமான நிலையத்தில், சுங்கத்துக்கு எதையும் அறிவிக்காதவர்கள் போகும் பச்சை வழியால் நேரே வெளியே வந்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். என் நிலைப்பாடும் அதுதான். ஒருவர் உழைத்து, பாவித்து, தேய்ந்த பொருளுக்கு அரசு மறுபடியும் வரி கேட்பது நியாயமில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
இருக்கிறது, தம்பி. பொருள் பழையதா புதியதா என்பதை விட, அது யாருடைய பாவனைக்கு என்பதுதான் சுங்கத்தில் முக்கியம். அண்ணன் தன் வேலைக்காகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போகும் மடிக்கணினி அவருடைய சொந்தப் பாவனைப் பொருள். அதில் சிக்கல் இல்லை. இங்கே கொடுத்துவிட்டுப் போகும் மூன்றும் அன்பளிப்பு. அவை தீர்வையற்ற சலுகைத் தொகைக்குள் அடங்கினால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அடங்காவிட்டால், பொருளை அறிவித்துவிட்டுப் போகும் சிவப்பு வழிதான். பச்சை வழியால் நடப்பதே, அறிவிப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதாகும். அதன் பிறகு பொதியைத் திறந்தால் பேச்சு தீர்வையோடு நிற்காது. தண்டப்பணம், பறிமுதல் என்று போகும். 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

தெஹிவளை இளைஞன்:
அக்கா, அண்ணன், அண்ணி, மகள் என்று மூன்று பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒன்றைக் கைப்பையில் வைத்தால் முடிந்தது. பெட்டியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

கொட்டாஞ்சேனை அக்கா:
கேட்டால் மகள் என்ன பதில் சொல்வாள்? தன்னுடையது என்று ஒரு பிள்ளையைப் பொய் சொல்லவைக்க வேண்டுமா? இந்த யோசனையை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

வெள்ளவத்தைவாசி:
பிள்ளையைப் பொய் சொல்லவைக்க மாட்டோம். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய்க்கு மேலே ஏறியது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 சதவீதம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கும் புதிய மடிக்கணினி வாங்க முடியுமா? பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020இல், ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து படித்ததை மறந்துவிட்டோமா? படிப்புக்கு வரும் பழைய கணினியைத் தடுக்கும் வரி எவருக்கு நன்மை செய்கிறது?

கொட்டாஞ்சேனை அக்கா:
அந்தக் கோபத்தில் நானும் உங்களோடு நிற்கிறேன். மாணவர் பாவனைக்கு வரும் பழைய கணினிக்கு விலக்குக் கேட்டு மனுக் கொடுங்கள், நானும் கையொப்பமிடுகிறேன். விலக்கு வரும்வரை ஒளித்துக் கொண்டுவருவதை மட்டும் நியாயம் என்று சொல்லாதீர்கள்.

பம்பலப்பிட்டி திருத்துநர்:
நான் கணினி திருத்துபவன். நீங்கள் இருவரும் தீர்வையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் கணினிகள் கொண்டுவரத் தகுந்தவைதானா என்று யாராவது பார்த்தீர்களா? விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் அதற்குப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாவிக்கலாம். பிள்ளைக்கு அது சரிவருமா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும். அங்கேயே பூட்டை எடுக்காவிட்டால் இங்கே என்னைப் போன்றவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தீர்வையும் கட்டி, பூட்டிய கணினியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா?

மின்கலம் வீங்கியிருந்தால் கனடாவிலேயே விட்டுவிடுங்கள். அது விமானத்தில் ஏறக்கூடாத பொருள். தனி மின்கலங்களும் பவர் பாங்கும் கைப்பையில்தான் வரவேண்டும், கொள்ளளவு 100 வாட்மணிக்கு (Wh) மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. மடிக்கணினி மின்னேற்றிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கனடாவின் 120 வோல்ட் மிக்ஸியை மட்டும் யாரும் ஆசைப்பட்டுத் தூக்கி வராதீர்கள்.

தெஹிவளை இளைஞன்:
அந்தக் கைத்தொலைபேசிக்கு என்ன செய்வது?

பம்பலப்பிட்டி திருத்துநர்:
அதுதான் இதில் பெரிய சிக்கல். 2025 ஜனவரி 28இலிருந்து, பதிவில்லாத கைத்தொலைபேசிகளை உள்ளூர் வலையமைப்புகளில் இணைக்க முடியாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை. அண்ணன் கனடா சிம்முடன் பாவிப்பது வேறு, இங்குள்ள பிள்ளை இலங்கை சிம் போட்டுப் பாவிப்பது வேறு. பதிவு செய்யும் முறையை ஆணைக்குழுவிடம் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
இந்த வரி நியாயம் என்று நான் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன். ஆனால் பூட்டு விடயம் இதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றின் தொடர் எண்களையும் கழித்த விலையையும் போட்டு அலுவலகக் கடிதம் ஒன்று வாங்கச் சொல்லி அண்ணனுக்கு எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை அக்கா:
அந்தக் கடிதத்தைப் பொதிக்குள் போடாமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதிகாரி தாமே மதிப்பிடுவார். சலுகைத் தொகையும் வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்து மாறும், அதையும் சுங்கத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.