புரோத்தன் சிகிச்சை: இரு குடும்பங்களின் அனுபவம்

வெள்ளவத்தை உறுப்பினர்:

அக்காவின் நான்கு வயது மகனுக்குச் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க் கட்டி இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மூளைக்கும் முள்ளந்தண்டு முழுவதற்கும் கதிர்ச்சிகிச்சை தேவைப்பட்டது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அதனை இலவசமாகவே பெறலாம். ஆனால் எக்ஸ் கதிருக்குப் பதிலாகப் புரோத்தன் என்னும் நுண்துகள்களைச் செலுத்திக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும் வசதி இலங்கையில் இல்லை. கொழும்பு வைத்தியரின் கடிதத்துடன், 2019இல் சென்னை தரமணியில் திறக்கப்பட்ட அப்பல்லோ புரோத்தன் நிலையத்துக்குச் சென்றோம். சில வாரங்களுக்குள் அங்கு திகதி கிடைக்காவிட்டால் காத்திராமல் மகரகமவிலேயே தொடங்கிவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். இந்நோயில் தாமதமே பெரிய ஆபத்தாம்.

அங்கு கதிர்ச்சிகிச்சையைத் திட்டமிடும் மருத்துவ பௌதிகவியலாளர், எக்ஸ் கதிருக்கும் புரோத்தனுக்குமான இரண்டு திட்டப் படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். முதுகுப்புறமாகச் செலுத்தப்படும் எக்ஸ் கதிர் முள்ளந்தண்டைக் கடந்து இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றினூடாக வெளியேறுகிறது. புரோத்தனோ தன் சக்தியின் பெரும்பகுதியைப் பயணத்தின் முடிவில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுவதால், அதற்கு அப்பாலுள்ள உறுப்புகளுக்குக் கதிர் ஏறக்குறைய எட்டுவதேயில்லை. நோய் குணமாகும் வாய்ப்பு இதனால் கூடிவிடாது என்பதையும், வளர வேண்டிய பிள்ளையின் பிற உறுப்புகளைக் காப்பதே நோக்கம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வாரத்தில் ஐந்து நாட்கள் என ஆறு வாரங்கள் சிகிச்சை நடந்தது. அசையாதிருக்க முகத்துக்கு அச்செடுத்த வலைக்கவசமும் தினமும் மயக்கமருந்தும் தேவைப்பட்டன. கதிர் பாயும் நேரம் சில நிமிடங்களே. சரியாகக் கிடத்துவதற்குத்தான் நேரம் எடுத்தது. பக்கவிளைவே இராது என்று உறவினர்கள் சொன்னது பொய்த்தது: முடி உதிர்ந்தது, வாந்தியும் இருந்தது.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

எங்கள் அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். யாழ்ப்பாணத்துக் காணியை விற்றாவது சென்னைக்குக் கூட்டிச்செல்லத் துணிந்திருந்தோம். வைத்தியர்தான் தடுத்தார். அமெரிக்காவில் புரோத்தனையும் கட்டியின் வடிவத்துக்கேற்பச் செறிவை மாற்றிச் செலுத்தும் எக்ஸ் கதிரையும் ஒப்பிட்டு நடந்த பார்ட்டிகால் ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளியாகின என்றும், குடல் தொடர்பான தொல்லைகளிலோ நோய்க் கட்டுப்பாட்டிலோ இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்றும் விளக்கினார். அப்பா கொழும்பிலேயே சிகிச்சையை முடித்தார்.

வெள்ளவத்தை உறுப்பினர்:

செல்லவேண்டிய தேவை உள்ளவர்கள், எம்ஆர்ஐ இறுவட்டுடன் கட்டியிலிருந்து எடுத்த இழைய மாதிரிகளையும் வைத்தியசாலையில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கு அவற்றை மீண்டும் பரிசோதித்த பின்னரே திட்டம் வகுத்தார்கள்.