கரைக்குக் கீழ வீட்டுக்காரங்க

மாலை 5:40

சித்தி: (வாய்ஸ் மெசேஜ், பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது)

சித்தி: கரை உடைஞ்சிருச்சாமே??

குட்டி: எந்தக் கரை

சித்தி: நம்ம அணைக் கரைதான். கேட்டுப் பாரு, அழுதுக்கிட்டே பேசுறா ஒருத்தி

அண்ணன்: நான் கரை மேலதான் நிக்கிறேன் சித்தி

அத்தை: அப்பாடா

பெரியப்பா: அந்த வாய்ஸை யாரும் வேற குழுவுக்கு அனுப்பாதீங்க. டேய், அளவுகோல் என்ன காட்டுது?

அண்ணன்: 4.3 மீட்டர் பெரியப்பா. 3 மணிக்கு 3.9 இருந்துச்சு

பெரியப்பா: மணிக்கு 15 செ.மீ. கணக்கு. கலிங்கு, அதான் மிச்சத் தண்ணி வழியுற வாய், 5.5-ல. இதே வேகத்துல ஏறினா ராத்திரி 2 மணி வாக்குல வழிய ஆரம்பிக்கும். மேல போகப் போக நீர்ப்பரப்பு அகலும், அதனால ஏறுற வேகம் கொஞ்சம் குறையும். ஆனா மழை விடணுமே. கரை உச்சி 7. வெளிவாய்ல தண்ணி எப்படி வருது?

அண்ணன்: கணுக்கால் அளவுதான்

பெரியப்பா: அது எப்படி? தண்ணியை வெளிய விடுற தொட்டியோட மேல்வாய் 4 மீட்டர்லயே இருக்கு. இந்நேரம் பீச்சி அடிக்கணும்

அண்ணன்: கம்பிவலை பூரா ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், ஒரு முழு வாழைமரம்

குட்டி: கீழ்வாய்ல பலகை வேற இருக்கே. யாரு வச்சதுன்னு சொல்ல மாட்டேன்

சித்தப்பா: போர் வத்திப்போச்சுன்னு அத்தனை பேரும் வந்து நின்னாங்க. நான் மட்டுமா வச்சேன்

அத்தை: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: தம்பி, சித்திரையிலேயே சொன்னேன். இது தண்ணி சேர்த்து வைக்கிற அணை இல்ல, வெள்ளத்தைப் பிடிச்சு நிறுத்தி மெதுவா விடுற அணை. காலியா கிடக்கறதுதான் அதுக்கு வேலை. கீழ்வாய் திறந்திருந்தா 60 செ.மீ. குழாய்ல, இந்த உயரத்துக்கு நொடிக்கு ஒன்றரை கனமீட்டர் போகும், மணிக்கு 5,400. போன வாரத் தண்ணி ஒரு நாள்ல இறங்கியிருக்கும். நீ பலகை வச்சதால 0-லேர்ந்து 4 மீட்டர் வரைக்கும் ஏற்கெனவே நிறைஞ்சு நிக்குது. இன்னைக்குப் பெய்யுறது அதுக்கு மேல ஏறுது.

சித்தப்பா: கோடையில போர்ல தண்ணி வந்தப்போ உங்க வீட்லயும்தானே பிடிச்சீங்க

பெரியப்பா: அது வேற

சித்தி: வேற இல்ல மாமா, அதேதான்

சித்தப்பா: சரி விடுங்க அண்ணே. ரெண்டு பசங்கள இறக்குறேன். முங்கினா ரெண்டு நிமிஷ வேலை

பெரியப்பா: எவனையும் இறக்காதே. வாய் 60-க்கு 60. மேல 4 மீட்டர் தண்ணி. பலகை மேல இப்ப 1.4 டன் அழுத்தம், கையால அசையாது. தப்பித்தவறி ஒரு ஓரம் விலகினா ஆளை அப்படியே உள்ள இழுத்துக்கும், மேல வர விடாது.

அண்ணி: ஐயோ

சித்தப்பா: பலகையில சங்கிலி போட்டுத்தான் வச்சிருக்கேன். அவ்வளவு முட்டாள் இல்ல

பெரியப்பா: அதை முதல்லயே சொல்றதுக்கென்ன. அப்ப தொட்டி மேல்மேடை பீம்ல செயின் பிளாக் (பாரம் தூக்குற சங்கிலிக் கப்பி) மாட்டி நேரா மேல இழுக்கலாம். உரசலுக்கு மட்டும் அரை டன்னுக்கு மேல பிடிக்கும், 1 டன் பிளாக்காவது வேணும். துறை ஆள் வந்தப்புறம்தான்.

அண்ணன்: ஏ.இ. (உதவிப் பொறியாளர்) லைன்ல இருக்கார். வந்துக்கிட்டிருக்கேன்னார்

குட்டி: கரைக்கு மேல ஓஸ் போட்டு உறிஞ்சி வெளிய விடுற மாதிரி சைஃபன் போட முடியாதா? 6 அங்குல ஓஸ் இருக்கே

பெரியப்பா: அதுல நொடிக்கு 50 லிட்டர் சொச்சம் போகும். இந்தக் குழாய்க்கு ஈடா முப்பது ஓஸ் போடணும். முதல்ல வலையைச் சுத்தம் பண்ணுங்க. மேடையில நின்னு நீள மூங்கில்ல கொக்கி கட்டி, இடுப்புல கயிறோட. பரிசல்ல கிட்டப் போகக் கூடாது. எடுத்த குப்பையைக் கரைப்பக்கம் போடு, திரும்ப உள்ள தள்ளாதே.

மாலை 6:25

அண்ணன்: இன்னொண்ணு. கரை அடியில, தாத்தா வச்ச மரத்துக்குப் பக்கத்துல ஈரம். விரல் மொத்தத்துக்குத் தண்ணி ஓடுது

பெரியப்பா: அந்த மரத்தை இருபது வருஷமா வெட்டச் சொல்றேன்

அத்தை: அப்பா கையால வச்சது அண்ணே

பெரியப்பா: அப்பா கையால வச்சாலும் வேர் வேர்தான். வேர் செத்து மக்கினா அந்த இடம் குழாய் மாதிரி ஆகிடும். இப்ப யாரும் வெட்டப் போயிடாதீங்க, வேரோட பிடுங்கினா இன்னும் மோசம். கேட்டுக்கோடா. மண்கரைன்னா கசியத்தான் செய்யும். நிறத்தைப் பாரு, அளவைப் பாரு. கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு 10 நிமிஷம் ஆட்டாம வை. அடியில மண் படிஞ்சா உள்ள அரிக்குதுன்னு அர்த்தம். 10 லிட்டர் வாளி எத்தனை நொடியில நிறையுதுன்னு எழுது, மணிக்கு ஒரு தரம். அந்த வாயைக் களிமண், சாக்குன்னு வச்சு மட்டும் அடைக்காதே. அடைச்சா அழுத்தம் ஏறிப் பக்கத்துல வேற வாய் திறக்கும். கலங்கி வந்தா மணல் ஒரு அடி, மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல பெரிய கல். வரிசை மாறினா ஜல்லி சந்து வழியா மண் ஓடிடும். தண்ணி போகணும், மண் போகக் கூடாது.

குட்டி: 'மேலும் வாசிக்க' அமுக்கி அமுக்கி விரல் தேயுது

பெரியப்பா: சிரிக்காதே. அமெரிக்காவுல டீட்டன் அணை, 1976 ஜூன் 5. காலை 7 மணி வாக்குல கசிவு பெருசாத் தெரிஞ்சது. 11:57-க்கு கரை போயிடுச்சு. அது 90 மீட்டருக்கு மேல உயரம். 1979-ல குஜராத் மோர்பியில மச்சு-2 அணை போனது வேற மாதிரி, தண்ணி மேல ஏறி வழிஞ்சு மண்ணை அறுத்துட்டுப் போச்சு.

அண்ணி: பெரிய மாமா, பாட்டி இதைச் சத்தமா வாசிக்கச் சொல்றாங்க. நான் நெட் இல்லைன்னுட்டேன்

அண்ணன்: டம்ளர் தெளிவா இருக்கு. வாளி 40 நொடி

பெரியப்பா: நல்லது. கலிங்கு எப்படி?

அண்ணன்: ரெண்டு வரிசை மணல்மூட்டை அடுக்கியிருக்கு

பெரியப்பா: தம்பி!!

சித்தப்பா: அது நான் இல்ல. சத்தியமா. மீன் ஏலம் எடுத்தவங்க

பெரியப்பா: இப்பவே எடுங்க, தண்ணி ஏறினா கிட்டப் போக முடியாது. அதே மூட்டைகளைக் கரை மேல பைக் ஏறி ஏறி ஒரு சாண் பள்ளமான இடத்துல போடுங்க. கொழுக்க ரொப்பியிருந்தா பாதி மண்ணைக் கொட்டிட்டு வாயை மடிச்சு அடியில தள்ளி, செங்கல் மாதிரி சந்து மாத்தி அடுக்கி மிதிக்கணும். கொழுத்த மூட்டை உருளும், நடுவுல தண்ணி புகும்.

சித்தி: நாங்க கிளம்பணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க

பெரியப்பா: கீழ் வரிசை மூணு வீடும் இருட்டறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடறது நல்லது

அண்ணி: பாட்டி வர மாட்டேங்குறாங்க. ஆட்டை விட்டுட்டு வர முடியாதாம்

அத்தை: ஆட்டையும் கூட்டிட்டுப் போங்க

சித்தி: பள்ளிக்கூடத்துச் சாவி யார்கிட்ட

குட்டி: தலைவர்கிட்ட இருக்கும்

சித்தி: தலைவர் ஊர்லயே இல்ல

சித்தப்பா: செயின் பிளாக் எடுத்துட்டு வர்றேன். வந்து நிக்கும்போது யாரும் பலகைப் பேச்சு எடுக்கக் கூடாது

அத்தை: முதல்ல வா

இரவு 7:30

அண்ணன்: வாளி 34 நொடி. 4.5 மீட்டர்

பெரியப்பா: கலங்கலா?

அண்ணன்: இருட்டிடுச்சு, நிறம் தெரியல. பெரிய டார்ச் சித்தப்பா வீட்ல

அத்தை: எங்க ஏணியும் அங்கதான் இருக்கு, மூணு வருஷமா